செப்டிக் டேங்க் பொங்குகிறதா? நீலகிரியில் அரசு உதவி கேட்கும் விதம்

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவில் தரப்படும் 12,000 ரூபாய், கழிப்பறையே இல்லாத வீட்டுக்கானது. அதனால் ‘செப்டிக் டேங்க் ரிப்பேர்’ என்று மட்டும் எழுதிய மனு பெரும்பாலும் திரும்பிவிடும். பழுது எது என்று கண்டுபிடித்து, அதற்குரிய தலைப்பில் கேளுங்கள்.

மழையில்லாத நாளில் மூடியை நகர்த்தி அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். தலையை உள்ளே நீட்டவும் வேண்டாம். நீண்ட மூங்கிலில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் அசையாமல் பிடித்து மெல்ல எடுங்கள். துணியில் கறுப்பாக அப்பியிருக்கும் உயரம்தான் கசடு. நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு கசடு இருந்தால் கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். கசடு குறைவாக இருந்தும் தண்ணீர் ததும்பினால், வெளிக்குழாயோ, அதன் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது. நீர்மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழேயே நின்றால் தொட்டியில் விரிசல். மலைச்சரிவில் இந்தக் கசிவு நம் வீட்டில் தெரியாது. கீழ்வீட்டுத் தடுப்புச் சுவரிலோ குடிக்கும் ஊற்றிலோ போய்த் தலைகாட்டும். குளிரில் கசடு மெதுவாகத்தான் மட்கும் என்பதால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பது என்ற சமவெளிக் கணக்கு இங்கே பொருந்தாது.

டேப்பால் அளந்தும் பாருங்கள். 5 பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழமாவது வேண்டும். கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் உறிஞ்சுகுழி 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடித்தளமே இல்லாத குழி என்றால் அது செப்டிக் டேங்க் அல்ல, ஒற்றைக் குழி. அப்போது மனுவில் ‘ஒற்றைக் குழியை இரட்டைக் குழியாக (மாறி மாறிப் பயன்படுத்தும் இரு குழிகளாக) மாற்றுதல்’ என்று எழுதுங்கள். 2022 அக்டோபர் 2 அன்று இதற்கெனத் தனி இயக்கமே தொடங்கப்பட்டது. நிலத்தடி நீர் மேலாக உள்ள சதுப்போரங்களில் இரட்டைக் குழி வேண்டாம்.

மனுவைக் கிராமத்தில் முதலில் ஊராட்சிச் செயலரிடம், பிறகு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நான்கு வட்டாரங்கள். நகரத்தில் துப்புரவு ஆய்வாளரிடம். இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா, எந்தத் தலைப்பில் என்று நேராகக் கேளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல், வீட்டு வரி ரசீது, டேப் தெரியும்படி எடுத்த படம் ஆகியவற்றை இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். கழிவு பல வீடுகளைத் தாண்டி ஓடையில் இறங்குகிறதென்றால் ஹட்டியே (ஊரே) சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். 15வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டப்பட்டது. பொதுக் கால்வாய்க்குத் தனி மனுவை விடக் கூட்டு மனுதான் நிற்கும்.

கசடு எடுக்க 14420 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். தொட்டி சாலையிலிருந்து எத்தனை அடி தூரம், எத்தனை அடி பள்ளம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விடச் சுமார் கால் பங்கு குறைவு. கீழே இருக்கும் தொட்டியிலிருந்து லாரியின் பம்ப் இழுப்பதும் அந்த அளவுக்குக் குறையும். இழுக்கவில்லை என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உயிர் போகும் வேலை அது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

புதுக் குழி தோண்ட ஜேசிபி வேண்டுமென்றால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியை முதலில் வாங்குங்கள். குழியை ஸ்லாப் போட்டு மூடும் முன் உள்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் கேட்பார்.