வாரண்டி உள்ள காரில் சத்தமா? கழற்றாமல் கண்டுபிடிக்கும் முறை

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், கியர் பக்கத்துக் குழியில் கிடக்கும் சில்லறை, டிக்கியில் உருளும் குடை என எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னியை அழுத்திப் பிடிக்கும் திருகு இறுகியிருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஆடாமல் இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் கொக்கி தூணில் தட்டிக்கொண்டே வருவதும் உண்டு. பின்பக்கம் கேட்கும் 'கடகட' பல நேரம் இந்த இடத்திலேயே நின்றுவிடும். அடுத்து டயர். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள். டயரின் இடுக்கில் கல் சிக்கியிருந்தால் அகற்றுங்கள்.

இதற்கு மேல் ஸ்பேனர் எடுக்க வேண்டாம். வெளி மெக்கானிக் கழற்றிய பாகத்துக்கு வாரண்டி மறுக்கப்படலாம். சர்வீஸ் சென்டரிலும் கொஞ்ச தூரம்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் சத்தம் வராவிட்டால் 'பழுது தெரியவில்லை' என்று எழுதி வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதனால், அவர்கள் கேட்டதும் சத்தத்தை வரவழைத்துக் காட்டும் அளவுக்கு நீங்கள் தயாராக வேண்டும்.

முதல் கேள்வி: சத்தம் இன்ஜினோடு ஓடுகிறதா, சக்கரத்தோடு ஓடுகிறதா? நிறுத்திய வண்டியில் நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். சத்தம் கூடவே ஏறினால் இன்ஜின், பெல்ட், சைலென்சர் பக்கம் பாருங்கள். நிற்கும்போது வராவிட்டால், ஆளில்லாத நேரான சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தை மாற்றாமல் மூன்றாம் கியரிலும் பிறகு நான்காம் கியரிலும் ஓட்டுங்கள். கியர் மாறும்போது சத்தத்தின் சுருதியும் மாறினால் அது இன்ஜின் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம், பேரிங் (சக்கரம் உராய்வில்லாமல் சுழல உதவும் உருளைப் பாகம்), டயர் பக்கம். ஓடும்போது இன்ஜினை அணைத்துச் சோதிக்கவே கூடாது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும்.

'டக்… டக்…' என்று விட்டுவிட்டு வந்தால் எண்ணிப் பாருங்கள். சாதாரண ஹேட்ச்பேக் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் உருளும். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒரு சுற்று, 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய மூன்று. தட்டலும் அதே கணக்கில் வந்தால் ஏதோ ஒன்று சக்கரத்தோடு சுற்றுகிறது. டயரில் ஆணியாக இருக்கலாம், தளர்ந்த வீல் கப்பாக இருக்கலாம். வீல் நட்டே தளர்ந்திருக்கவும் கூடும், அதை அந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

வேகம் கூடக்கூட 'ஊம்ம்' என்று முழங்கினால் டயரா பேரிங்கா என்ற குழப்பம் வரும். சாலை மாறும்போது முழக்கமும் மாறினால் டயர். நெடுஞ்சாலையின் நீண்ட இடது வளைவில் முழக்கம் கூடி, வலது வளைவில் குறைந்தால் வலப்பக்க வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இடது வளைவில் வண்டியின் பாரம் வலப்பக்கம் சாய்வதுதான் காரணம்.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டிக்டிக்டிக்' என்று வந்தால் ட்ரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) ஜாயின்ட்டாக இருக்கலாம். வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தை முதலில் பாருங்கள். முன்சக்கரத்தின் உட்புறம் டார்ச் அடித்தால், அந்த ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கும் பட்சத்தில் கருப்பு கிரீஸ் ரிம்மின் உட்புறம் சிதறி ஒட்டியிருப்பது தெரியும். அதைப் படம் எடுத்து வையுங்கள். சிறு பள்ளங்களில் மட்டும் 'கடக் கடக்' என்றால் சஸ்பென்ஷன் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங்.

திடீரென்று உலோகம் உரசும் 'கிரீச்' கேட்டால், பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கலாம். சில அடி பின்னால் எடுத்து முன்னால் வந்தால் சில நேரம் விழுந்துவிடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உரசினால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். பேட், கிளட்ச் போன்ற தேய்மானப் பொருட்கள் பொதுவாக வாரண்டியில் அடங்குவதில்லை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனம் தனியாக வாரண்டி தருவது வழக்கம்.

எல்லாச் சத்தமும் பழுதில்லை. மழைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று பிரேக்கில் வரும் கரகரப்பு துருவினால் வருவது. வண்டியை அணைத்ததும் சைலென்சர் குளிரும் 'டிங் டிங்', ஏசியை நிறுத்தியதும் வரும் 'ஸ்ஸ்', கிளம்பிய கொஞ்ச தூரத்தில் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஒற்றை 'டக்' இவற்றுக்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் இன்ஜினில் தட்டலும் சிவப்பு ஆயில் விளக்கும் சேர்ந்து வந்தால் உடனே ஓரம்கட்டி அணையுங்கள். ஸ்டியரிங் ஆட்டம் கண்டாலும், பிரேக்கில் இரும்போடு இரும்பு உரசினாலும் ஓட்டிப் போகாமல் ரோட்சைடு அசிஸ்டன்ஸை அழைத்து இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

வீடியோவைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் எடுக்கட்டும். ஸ்பீடோமீட்டர் தெரிய வேண்டும். எந்த கியர், ஏசி ஓடுகிறதா, இன்ஜின் சூடா என்பதை அவர் வாயால் சொல்லிக்கொண்டே எடுக்கட்டும். முன் இடது, முன் வலது என்று ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து கேட்டால் திசையும் பிடிபடும்.

சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் 'சத்தம் வருகிறது' என்று மட்டும் எழுத விடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, 20 கி.மீ. வேகத்தில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது, முன் இடப்பக்கம் கடக் என்று ஒரு தட்டல். சூடானதும் குறைகிறது.' காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலை முதல் ஸ்டார்ட்டின்போது நீங்களும் அங்கே இருங்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். பழுது தெரியவில்லை என்றாலும் புகாரும் தேதியும் கி.மீ. கணக்கும் உள்ள நகலை வாங்கி வையுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே சத்தம் பெரிதானால், அது முன்பே இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. மூன்று முறை போயும் தீராவிட்டால் தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, சத்தம் வந்த அதே மாதிரி ஸ்பீடு பிரேக்கரில் அதே வேகத்தில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.