விபத்தில் முதுகில் அடிபட்டால்: முதலுதவியிலிருந்து இழப்பீடு வரை, படிப்படியாக

பின்னால் வந்த வண்டி மோதிக் கீழே விழுந்ததும் நானே எழுந்து நின்றேன். உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "ஒன்றும் ஆகவில்லை" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான் தெரிந்தது. மருத்துவமனையில் கேட்டபோதும் அதையே சொன்னேன். 'முதுகு வலி இல்லை' என்று சீட்டில் எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை படுக்கையை விட்டு எழ முடியவில்லை. எட்டு மாதம் கழித்து இழப்பீடு பேச உட்கார்ந்தபோது, எதிர்த்தரப்பு மேசைமேல் எடுத்து வைத்த முதல் காகிதம் அந்தச் சீட்டுதான்.

சிகிச்சை ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம் என்று பலர் பிரித்துப் பார்க்கிறார்கள். முதுகுக் காயத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. கை முறிந்தால் கட்டு தெரியும். முதுகில் நரம்பு நசுங்கியிருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் மருத்துவரிடம் சொன்னதும் அவர் எழுதி வைத்ததும்தான் கடைசிவரை உங்களுக்காகப் பேசும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படியுங்கள்.

படி 1: விழுந்தவரைத் தூக்காதீர்கள்

முதுகெலும்பில் மொத்தம் 33 எலும்புகள். மேலே உள்ள 24 தனித்தனியாக அசையும். கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. அசையும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கிறது. ஜவ்வு என்றும் சொல்வோம். இவற்றின் பின்பக்கமாக ஓடும் குழாய்க்குள் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இருக்கிறது.

எலும்பு உடைந்திருந்தும் தண்டுவடம் தப்பித்திருக்கலாம். அந்த நிலையில் ஒருவர் தோளையும் இன்னொருவர் காலையும் பிடித்துத் தூக்கி, மடக்கி வண்டியின் பின்சீட்டில் போட்டால், உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தில் குத்தலாம். உதவ ஓடிவரும் நல்ல மனிதர்களின் கையாலேயே இது நடந்துவிடும் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால் மரத்துப்போதல், அசைக்க முடியாமை, சுயநினைவு இல்லாமை, உயரத்திலிருந்து விழுந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை இருந்த இடத்திலேயே விட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையை இரண்டு பக்கமும் கைகளால் அசையாமல் பிடித்துக்கொண்டு, "தலையைத் திருப்ப வேண்டாம்" என்று பேச்சுக் கொடுங்கள். மூச்சுக்குத் தடை இல்லை என்றால் ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம்.

தீ, தண்ணீர், பாய்ந்து வரும் வாகனங்கள் போன்ற உயிராபத்து இருந்தால் மட்டும் நகர்த்தலாம். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைக்காமல் இருக்க ஒருக்களிக்க வைக்க வேண்டும்: ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் மூன்றையும் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள்.

படி 2: உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போலக் கொத்தாகத் தொங்குகின்றன. சிறுநீர், மலம், கால்கள், பாலுறுப்புகள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் நரம்பு போகிறது. அந்தக் கொத்து நசுங்கினால் சிறுநீர் வராமல் அடைக்கும், அல்லது தெரியாமலே கசியும். சேணத்தில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ அந்த இடம் முழுக்க மரத்துப்போகும். கால்கள் தளரும்.

இது விபத்தன்றும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். நள்ளிரவாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் அந்த நரம்புகள் திரும்பவும் வேலை செய்யாமலே போகலாம்.

படி 3: மருத்துவரிடம் முழுக்கதையும் சொல்லுங்கள்

"முதுகு வலிக்கிறது" என்பது போதாது. எப்படி அடிபட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்போடு முதுகெலும்பும் நசுங்கியிருக்கலாம். இடுப்பில் மட்டும் பெல்ட் போட்டிருந்தபோது கார் மோதினால், உடம்பு பெல்ட்டின் மேல் மடங்கி முள்ளெலும்பு குறுக்காகப் பிளக்கும். 1948இல் அதை விவரித்த மருத்துவரின் பெயரால் சான்ஸ் முறிவு என்கிறார்கள். அதோடு குடலிலும் காயம் இருக்கலாம். நீங்கள் சொல்லும் ஒரு வரியை வைத்துத்தான் மருத்துவர் எங்கே தேடுவது என்று முடிவு செய்வார்.

அப்புறம் வலியின் தன்மை. குத்துகிறதா, எரிகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் காலுக்குள் இறங்குகிறதா? எந்தக் கால், எந்த விரல் வரை? இருமினால் கூடுகிறதா? சின்ன வலியையும் விடாதீர்கள். விபத்தின் அதிர்ச்சியில் முதல் சில மணிநேரம் வலி தெரியாமல் இருப்பது சாதாரணம். மறுநாளோ மூன்றாம் நாளோ வந்தால், வந்த அன்றே போய்ப் பதிவு செய்யுங்கள்.

முன்பே முதுகு வலி இருந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் சிகிச்சையும் தவறும். பழைய சீட்டு பிறகு வெளியே வந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 4: ஸ்கேன் அறிக்கையைப் புரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், டிஸ்க்கும் நரம்பும் தெரியாது. எலும்பு முறிவை நுணுக்கமாகப் பார்க்க சி.டி. ஸ்கேன். டிஸ்க், நரம்பு, தசைநார், தண்டுவடம் ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று சொன்னால், எலும்பு முறிவு தெரியவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக முதல் நாளே எம்.ஆர்.ஐ. கேட்டு அடம்பிடிக்கவும் வேண்டாம். அபாய அறிகுறி இல்லாதபோது சில வாரம் பொறுத்துப் பார்ப்பது சரியான மருத்துவம்தான்.

அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கிவிடாதீர்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் பிடித்துக்கொள்ளும் சொல் இதுதான்: "இது பழைய தேய்மானம், விபத்தால் வந்ததில்லை." பதில் இரண்டு உண்டு. தேய்மானம் இருந்தும் வலியில்லாமல் நடமாடியவர், விபத்துக்குப் பிறகுதான் முடங்கினார் என்பது மருத்துவப் பதில். அடிபட்டவர் பலவீனமானவராக இருந்தாலும் அடித்தவரின் பொறுப்பு குறையாது என்பது பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட சட்டக் கொள்கை. 'ஏற்கெனவே அறிகுறியில்லாமல் இருந்த தேய்மானம் விபத்தால் வலியாக மாறியது' என்று உங்கள் மருத்துவர் கருதினால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 5: சிகிச்சையை நடுவில் விடாதீர்கள்

சுளுக்கு, தசைப்பிடிப்பு, டிஸ்க் பிதுக்கம் ஆகியவற்றுக்குப் படுத்தே கிடப்பது நல்லதில்லை. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடை, பிசியோதெரபி. டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் தேறுகிறார்கள். கால் பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, வாரக்கணக்கில் வலி அடங்காவிட்டாலோ அறுவை சிகிச்சை பேச்சு வரும். எலும்பு முறிவு இருந்தால் கதை வேறு. எப்போது எழுந்து நடப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். முறிவு இல்லை என்று உறுதியாகும் முன் முதுகை அழுத்தி நெட்டி எடுக்கவோ உருவிவிடவோ யாரையும் விடாதீர்கள்.

பிசியோதெரபிக்கு நான்கு நாள் போய்விட்டு நிறுத்துபவர்கள் ஏராளம். முதுகும் தேறாது, "வலி இருந்திருந்தால் சிகிச்சைக்குப் போயிருப்பாரே" என்ற வாதத்துக்கும் இடம் கொடுத்துவிடும். போக முடியாத நாளில் போன் செய்து காரணத்தைப் பதியச் சொல்லுங்கள்.

படி 6: ஒரு கோப்பு, ஒரு நோட்டு

கோப்பில் காவல்துறைப் பதிவு, விபத்து இடத்தின் படங்கள், சாட்சிகளின் தொடர்பு விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, பில், போக்குவரத்துச் செலவு, சம்பளச் சான்று. நோட்டில் தினமும் இரண்டு வரி: "15 நிமிடம்தான் உட்கார முடிந்தது. குழந்தையைத் தூக்க முடியவில்லை." வலிக்குப் பில் கிடையாது. அதனால் மற்ற எதையும்விட இந்த நோட்டுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

படி 7: யார் பொறுப்பு, எந்த நாளுக்குள்?

சாலை விபத்தாக இருந்தால் பெரும்பாலும் எதிராளியின் கவனக்குறைவு, அதனால்தான் காயம், அதனால் இவ்வளவு இழப்பு என்ற மூன்றையும் காட்ட வேண்டும். உங்கள் மேலும் பாதித் தவறு என்றால் பல இடங்களில் தொகை அந்த அளவுக்குக் குறையும். வேலையிடத்தில் அடிபட்டால் நிலைமை வேறு. 1884இல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து தொடங்கி, யார் தவறு என்று பார்க்காமலே தொழிலாளிக்கு இழப்பீடு தரும் முறை பல நாடுகளில் வந்துவிட்டது. ஆனால் முதலாளிக்கு உடனே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

வழக்குப் போடக் காலக்கெடு உண்டு. அது நாட்டுக்கு நாடு, விபத்தின் வகைக்கு வகை மாறும். முதல் வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் "எனக்குக் கடைசி நாள் எது?" என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவருடைய கட்டணம் எப்படி என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சில வாரங்களிலேயே அழைப்பு வரலாம். குரல் கனிவாக இருக்கும். "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு நாம் பழக்கத்தில் "பரவாயில்லை" என்போம், அதுவும் பதிவாகும். கையில் பணம் இல்லாத நேரத்தில் ஒரு தொகையும் சொல்வார்கள். 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது.

உடல்நிலை இதற்கு மேல் பெரிதாக மாறாது என்று மருத்துவர் சொல்லும் கட்டம் வரை பொறுப்பது நல்லது. காலக்கெடு நெருங்கினால் வழக்கைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். கணக்கில் இதுவரை ஆன செலவோடு வருங்காலச் சிகிச்சை, இழந்த சம்பளம், இனி குறையப்போகும் சம்பாத்தியம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள், வலியும் மனவேதனையும் எல்லாம் சேர வேண்டும்.

என் மேசைக்குத் திரும்புகிறேன். எதிர்த்தரப்பு முதல் நாள் சீட்டைக் காட்டியதும், நான் மூன்றாம் நாள் சீட்டை எடுத்து வைத்தேன். அதில் மருத்துவர் தன் கையால் நான்கு வரி எழுதியிருந்தார்: எந்த நேரத்தில் வலி தொடங்கியது, எந்தக் காலில் இறங்குகிறது, இடையில் வேறு அடி ஏதும் படவில்லை, விபத்துக்குப் பின் தாமதமாக வலி வருவது இயல்பு. அதன் பிறகு அந்த முதல் சீட்டைப் பற்றி அவர்கள் பேசவில்லை.