ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டுப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் ஆகிய நான்கு துறை மாணவர்களுக்கும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டுப் பயிற்சி தொடங்கிய இளம் ஆசிரியர்கள் சிலரைச் சென்ற மாதம் அருகிலிருந்து பார்த்தேன். நான் முதன்முதலில் செய்த பிழைகளை அவர்கள் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தார்கள். மாணவர்கள் தாமதமாக வருவது, வருகைப் பதிவு குழம்புவது போன்றவை ஒரே வாரத்தில் தாமாகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே கூடத்தில் உட்கார வைப்பது

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பதையே கூட்டுக் கல்வி என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வரையறுத்தது. நான்கு துறையினரையும் கூடத்தில் அமர்த்திக் காசநோயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் இம்மூன்றில் ஒன்றும் நடப்பதில்லை. இடைவேளையில் அவரவர் சீருடை அவரவர் பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தாலே அது தெரியும்.

மருத்துவ மாணவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சர்க்கரை நோயாளியான ஒரு பெண்மணியைப் பற்றி நான் தயாரித்த நோயாளிக் குறிப்பு, வெறும் வயிற்றில் சர்க்கரை 240 என்று தொடங்கி, ‘அடுத்து என்ன மருந்து?’ என்று முடிந்தது. பயிற்சி மருத்துவர் இரண்டே நிமிடத்தில், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கலாம் என்றார். மற்ற மூவரும் தலையசைத்தார்கள். சீட்டில் கையெழுத்திட்டது நான்.

அதற்கு முந்தைய வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்த செவிலிய மாணவி, மஞ்சள் கறை படிந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரே மாத்திரை அட்டை இரு முனைகளிலிருந்தும் பிரிக்கப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்த கணவருக்கு ஒரு முனை, மனைவிக்கு மறுமுனை. மாணவி அதைத் தம் வீட்டுச் சந்திப்பு நோட்டில் தெளிவாக எழுதியிருந்தார். அந்த நோட்டு அவருடைய கல்லூரி ஆசிரியரிடம் போய், சிவப்பு மையில் ஒரு ‘சரி’ வாங்கிக்கொண்டு அலமாரிக்குள் போய்விட்டது.

சில வாரங்களில் கிராம சுகாதார செவிலியர் எப்படியோ பேசி அந்தக் கணவரையும் அழைத்துவந்து பதிவு செய்தார். அவருக்குத் தனி மாத்திரை கிடைத்ததும், அந்தப் பெண்மணி முதன்முறையாகத் தம் மாத்திரைகளை முழுமையாக, அதுவும் நான் இரட்டிப்பாக்கிய அளவில், விழுங்கத் தொடங்கினார். காலையில் சாப்பிடாமல் நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். தூக்கி வந்தபோது சர்க்கரை 46-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார் என்பதில் எங்கள் திறமையைவிட அவருடைய அதிர்ஷ்டமே அதிகம்.

“ஏன் அன்றே சொல்லவில்லை?” என்று மாணவியைக் கேட்டேன். “மருந்தைப் பற்றித்தானே சார் கேட்டீர்கள்?” என்றார்.

ஆகவே ஒரு துறையின் அறிவு மட்டும் போதும் என்ற நிலையில் குறிப்பை எழுதாதீர்கள். அட்டையில் மீதமுள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை மருந்தியல் மாணவரிடமும், வீட்டில் கண்டது செவிலிய மாணவரிடமும், நோயாளியால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பது இயன்முறை மாணவரிடமும் தனித்தனியே இருக்கட்டும். நால்வரும் வாய் திறந்தாலொழிய விடை கிடைக்கக் கூடாது.

மருத்துவ மாணவரையே குழுத் தலைவராக்குவது

வாரம் ஒருவராக மாற்றுங்கள்.

கால அட்டவணை

அட்டவணையில் கல்லூரி முதல்வர்கள் எல்லோரும் கையெழுத்திடும் வரை பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

ஊரை அறிந்தவர்களை ஓரமாக நிறுத்துவது

சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதிமுறை. அந்த வீடுகளுக்குள் பல ஆண்டுகளாகப் போய்வரும் கிராம சுகாதார செவிலியரையும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் தன்னார்வலரையும் வழிகாட்டியாக மட்டும் அழைத்துப் போவது வீண். மதிப்பெண்ணில் ஒரு பங்கை அவர்களே போடட்டும்; மாணவர்கள் அவர்களிடம் பேசும் விதமே மாறிவிடும்.

சென்ற மாதம் கிளம்பும்போது, வீட்டுச் சந்திப்பு நோட்டு யாரிடம் போகிறது என்று அந்த இளம் ஆசிரியர்களைக் கேட்டேன். செவிலியர் கல்லூரிக்குத்தான் என்றார்கள்.