கிணற்றுக் கெத்து குளிர்கடலில் செல்லாது

ஏற்காடு அடிவாரத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவனுக்கு ஒரு கெத்து உண்டு. முதுகில் சுரைப்புருடை கட்டி ஆரம்பித்து, பத்தாவது படிக்கும்போது மோட்டார் கொட்டகை மேலிருந்து தலைகீழாகக் குதித்து, சாட்சிக்கு ஒரு பிடி அடிமண்ணோடு மேலே வருவோம். கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த காலத்தில், அதே கெத்தோடுதான் மான்டரே கடலில் ஸ்கூபா, அதாவது சிலிண்டர் காற்றோடு முங்குவது, கற்கப் போனேன். இப்போது அக்கா மகன் அந்தப் பக்கம் வேலைக்குக் கிளம்புகிறான், அவனும் அந்தக் கடலில் இறங்குவானாம். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே மாமா, அப்புறம் என்ன?" என்கிறான். பாதித் தவறு அந்தத் 'தெரியுமே'யில்தான் இருக்கிறது.

ஜூன் மாதம் வெயில் காலம், கடல் வெதுவெதுப்பாக இருக்கும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் கரையில் கணக்கு வேறு. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் ஏறி வரும். கரையில் வெயில் அடித்தாலும் தண்ணீர் 12, 13 டிகிரியில் நிற்கும்.

"டிசம்பரில் ஏற்காட்டில் சட்டையோடு சுத்தினவன் நான்" என்பார்கள் நம் பையன்கள். அது 13 டிகிரி காற்று. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். எண் ஒன்றுதான், குளிர் ஒன்றல்ல. மார்கழி விடியலில் நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் ஆவி பறக்க வெதுவெதுவென்று இருக்குமே, அந்த நினைப்பில் குதித்தால் முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வோம். சில்லென்ற நீர் தோலில் பட்டதும் உடம்பு தன்னிச்சையாக 'ஹக்' என்று மூச்சை இழுக்கும், அப்புறம் நாய்போல இளைக்கும். நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. ஒன்றிரண்டு நிமிடத்தில் இது தானாக அடங்கும். அதுவரை நீந்த வேண்டாம், மிதந்தால் போதும்.

நான் முதல் நாளே இதில் மாட்டினேன். இறுக்கமாக இருக்கிறதென்று தலைமூடியைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். முதல் அலை முகத்தில் அடித்ததும் வாயிலிருந்த மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டேன். கற்றுக்கொடுத்தவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து, நனைந்த கோழியைத் தூக்குவதுபோலக் கரையில் போட்டார்.

ஆனாலும் நான் அதிகம் பயப்படுவது குளிருக்கல்ல, நம் முங்குநீச்சல் பழக்கத்துக்கு. கிணற்றில் மூச்சை அடக்குவதுதான் வீரம். மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். அதனால் கெடுதல் இல்லை. ஸ்கூபாவில் ஆழத்திலேயே சிலிண்டர் காற்றை இழுக்கிறோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேல்மட்டத்தைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலுக்கு அவ்வளவு இடம் ஏது? கிழிந்துவிடும். கடைசி ஓரிரு மீட்டரில்கூட இது நடக்கலாம். ஆகவே ஒருபோதும் மூச்சை அடக்காதே, இழுத்து விட்டுக்கொண்டே இரு. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் இருக்கட்டும். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மேலே வா. இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். உள்ளே போய் பயம் வந்ததும் கை கால் கிணற்றுப் பழக்கத்துக்கே திரும்பும். நீச்சல் தெரியாதவன் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்து வைத்தவன்.

உடைக்கு வருவோம். பள்ளிச் சீருடை எடுப்பதுபோல 'கொஞ்சம் லூசாக எடுத்தால் நாளைக்கும் ஆகும்' என்று வெட்சூட் என்கிற ரப்பர் உடையை எடுக்கக்கூடாது. லூசான உடைக்குள் குளிர்நீர் வந்து போய்க்கொண்டே இருக்கும், சூடு நிற்காது. அங்கே பலரும் போடுவது 7 மில்லிமீட்டர் தடிமன். அது நன்றாக மிதக்கும் என்பதால் இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும். ஆழம் போகப் போக அந்த ரப்பர் நசுங்கி, மிதப்பும் குறையும், கதகதப்பும் குறையும். அதை ஈடுகட்டக் கீழே மிதவை ஜாக்கெட்டில் ஏற்றிய காற்றை மேலே வரும்போது மறக்காமல் வெளியேற்ற வேண்டும். நடுக்கம் வந்தால் சிலிண்டர் காற்றும் சீக்கிரம் தீரும், விரலும் மரத்து பக்கிள் கழற்ற வராது. 'இன்னும் பத்து நிமிஷம்' என்று பார்க்காமல் ஏறிவிடு.

கெல்ப் என்கிற கடற்பாசிக் காடு அங்கே தென்னைமர உயரத்துக்கு நிற்கும், பார்க்க அவ்வளவு அழகு. காலில் சிக்கினால் உதறாதே, சுழலாதே. நின்று, கையால் எடுத்துவிடு.

மீன்பிடிப்பது சுலபம் என்று நினைப்பவர் மேட்டூரில் தக்கை கட்டித் தூண்டில் போட்டவர். அணைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கலாம். அந்தப் பசிபிக் பாறைகளில் கூடாது. இருபது நிமிடம் சும்மா இருக்கும் கடல், திடீரென்று ஒரு பெரிய அலையை அனுப்பி ஆளை வழித்துக்கொண்டு போகும். கடலுக்கு முதுகு காட்டாதே என்று கரையில் பலகையே வைத்திருக்கிறார்கள். 16 வயது ஆகிவிட்டால் மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டும், கடலுக்குள் நீளும் பொது 'பியர்' மேடையிலிருந்து பிடித்தால் தேவையில்லை. பாயின்ட் லோபோஸ் போன்ற காப்பகத்தில் தூண்டிலே போடக்கூடாது. பாறையில் ஒட்டிய மட்டியைப் பார்த்ததும் குழம்பு ஞாபகம் வரும். மே 1 முதல் அக்டோபர் 31 வரை அதைத் தொடாதே. அதில் சேரும் விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆழத்திலிருந்து இழுத்த ராக்ஃபிஷ் என்கிற பாறைமீனுக்குக் கண் பிதுங்கி, வயிறு வாய்வழியே தள்ளி வரும். அதன் காற்றுப்பை விரிந்த கோலம் அது. மேலே சொன்ன மூச்சுப் பாடத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட வேறு வேண்டாம். சின்ன மீனை விடுவதாக இருந்தால் சும்மா வீசாதே, மிதந்து கடற்காக்கைக்கு இரையாகும். எடை கட்டி ஆழத்தில் கொண்டுபோய் விடும் கருவி இருக்கிறது.

கடைசித் தவறு நம்மூரிலேயே நடக்கிறது, கலிஃபோர்னியா போகவே வேண்டாம். பாண்டிச்சேரியில் காலையில் ஸ்கூபா, சாயங்காலம் ஏற்காட்டில் ரூம் என்று ஒரே விடுமுறையில் இரண்டையும் போடுகிறார்கள். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உயரத்துக்குப் போனால், காற்றழுத்தம் குறைந்து அது உடம்புக்குள்ளேயே குமிழாகும். மூட்டுவலியில் ஆரம்பித்துக் கைகால் இழுப்பது வரை போகும். விமானத்துக்குச் சொல்லும் கணக்குதான் இதற்கும்: ஒரே முங்கு என்றால் 12 மணி நேரம், பல முங்கு என்றால் 18. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்துக்குள் இருப்பதால் வீட்டில் தங்கலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டாவது முங்கு முடிந்ததென்றால், திங்கள் விடிகாலை நாலு மணிக்கு முன்னால் அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டாதீர்கள்.