ஏற்றுமதி சரிந்தவுடன் உள்ளூர்ச் சந்தைக்கு ஓடுபவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானது. மண்டபம், பாம்பன், தொண்டி என்று நண்டையும் இறாலையும் கணவாயையும் ஏற்றுமதிக்குத் தரும் கரைக்கு அது எச்சரிக்கை. வரி ஏறும், இறங்கும். அந்த நேரத்துப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுகள்தான் நிறுவனத்தைச் சாய்க்கின்றன.

எல்லாவற்றிலும் மோசமானது, வெளிநாட்டுக்குத் தேறாத சரக்கை மதுரைக்குத் தள்ளிவிடலாம் என்ற நினைப்பு. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் மக்களுக்கு ஐஸ் மீன் என்றாலே சந்தேகம். முதல் பொட்டலம் நாறினால் அந்த வீடு மறுபடி வாங்காது.

தரமான சரக்கையும் ஏற்றுமதிப் பொட்டலத்திலேயே விற்கக் கூடாது. இரண்டு கிலோ இறாலைக் கட்டியாக உறைய வைத்தால், கால் கிலோ சமைக்க முழுவதையும் உருக்க வேண்டும். மிச்சத்தைத் திரும்ப உறைய வைத்தால் சதை குழைந்துவிடும். தனித்தனியாக உறைந்த இறாலைச் சிறு பைகளில் கொடுங்கள். மேலே பூசிய பனிப்படலத்தை எடையில் சேர்க்காதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். உருக்கிய பிறகு இல்லத்தரசியின் தராசும் காட்டிக்கொடுக்கும்.

நீலக்கால் நண்டின் சதையில் இன்னும் கவனம் தேவை. பாஸ்டுரைஸ் செய்து டப்பாவில் அடைத்திருந்தாலும் அதைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். டப்பாதானே என்று அலமாரியில் அடுக்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு உருவாகலாம். இரவில் குளிர்ப்பெட்டியை அணைத்துவைக்கும் கடைக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

ஏற்றுமதி அனுமதி இருப்பதாலேயே உள்நாட்டில் விற்றுவிட முடியாது; உணவுப் பாதுகாப்பு உரிமம் அதற்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொட்டலத்தில் விலையும் நிகர எடையும் இருக்க வேண்டும்.

வேறு நாடு தேடுவோர் காகிதங்களைக் கடைசியில் நினைக்கிறார்கள். கடலில் பிடித்த மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. எந்தப் படகு, எந்தக் கடல் என்ற விவரத்தைக் கரையிலேயே எழுதிவைக்காமல், ஆர்டர் வந்தபின் தேடினால் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதையும் மறந்து வாரந்தோறும் சரக்கு தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆர்டர் குறைந்ததும் நண்டுச் சதை எடுக்கும் பெண்களை முதலில் நிறுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. பெரிய சதைத் துண்டு உடையாமல் ஓட்டிலிருந்து எடுப்பது அவர்களுடைய கைப்பழக்கம். உடைந்தால் விலை பாதியாகக்கூட இறங்கலாம். வேலை குறைந்த மாதங்களில் சுழற்சி முறையில் அவர்களுக்கு வேலை கொடுங்கள். உள்ளூருக்கான சிறு பொட்டலங்களைத் தரம் பிரித்து அடைக்க அந்தக் கைகளே வேண்டும்.