சென்னையில் காசில்லாமல் பிள்ளைகளோடு ஒரு நாள்

வெயில் ஏறுவதற்குள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுங்கள். உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. முதல் மாடியில் குழந்தைகள் பிரிவு, அங்கே ஒரு பெரிய செயற்கை மரம். எழுத்து தெரியாத வாண்டுகூடப் படப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடும். ஏசி வேறு. "வீட்டுக்குப் போகலாம்" என்று நாம்தான் கெஞ்ச வேண்டியிருக்கும்.

மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை. அதிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தவறவிடாதீர்கள். ஆலிவ் ரிட்லி ஆமைகள் இட்ட முட்டைகளைத் தன்னார்வலர்கள் இரவில் சேகரித்து, கரையிலேயே வேலி போட்ட இடத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். சுமார் 45 நாளில் பொரிந்து வரும் குஞ்சுகளைப் பொழுது சாயும் நேரத்தில் கடலில் விடுவார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குஞ்சு துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளித் தள்ளிப் போகும். அலை வந்து புரட்டிப் போட்டாலும் திரும்பவும் கிளம்பும். தினமும் பொரியும் என்று சொல்ல முடியாது, அது அதிர்ஷ்டம். தொடக்கூடாது, செல்போன் ஃபிளாஷும் கூடாது. வெளிச்சத்தில் குஞ்சுகளுக்குத் திசை தப்பிவிடும்.

தண்ணீரில் மட்டும் இறக்காதீர்கள். அங்கே நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னமே, 1930இல் இந்தக் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரருக்கு எழுப்பியதுதான்.

அப்புறம், சுண்டல், மாங்காய்க்குச் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலவசக் கணக்கில் வராது.