போர்டு டிடெக்ட் ஆகவில்லையா? நியூக்ளியோவின் எஸ்டி-லிங்க்கில் கோளாறு தேடும் முறை

எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32 சிப் பொருத்திய நியூக்ளியோ போர்டைக் கணினியில் செருகியதும், திரையில் "நோ எஸ்டி-லிங்க் டிடெக்டெட்" என்று வந்தாலும், "நோ எஸ்டிஎம்32 டார்கெட் ஃபவுண்ட்" என்று வந்தாலும், லேபில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "போர்டு டிடெக்ட் ஆகலை." ஆனால் இவை வேறு வேறு கோளாறுகள். முதல் செய்தி வந்தால் கணினிக்கும் டீபக்கருக்கும் (சிப்பில் புரோகிராமை ஏற்றவும் பிழை தேடவும் உதவும் எஸ்டி-லிங்க்) நடுவே பேச்சு இல்லை. இரண்டாவது வந்தால் கணினி டீபக்கரைப் பார்த்துவிட்டது. டீபக்கரால்தான் சிப்பைப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது கோளாறுக்கு டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பலன் இருக்காது. எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று தெரியும்வரை எதையும் நிறுவாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது நியூக்ளியோ-64 போர்டு: எஃப்401ஆர்இ, எஃப்446ஆர்இ போன்றவை. இதில் யூஎஸ்பி சாக்கெட் உள்ள மேல்பகுதி தனி டீபக்கர். அதில் ஒரு எஸ்டிஎம்32எஃப்103 சிப், எஸ்டி-லிங்க் வி2-1 ஃபர்ம்வேரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. கீழே உள்ள பெரிய சிப்தான் நீங்கள் புரோகிராம் எழுதும் டார்கெட். இரண்டையும் இணைப்பது சில எஸ்டபிள்யூடி (சீரியல் வயர் டீபக்) தடங்கள் மட்டுமே. வேறு போர்டு என்றால் ஜம்பர் (இரு பின்களை இணைக்கும் சிறு மூடி) எண்கள் மாறும், தேடும் வரிசை மாறாது.

முதலில் எல்டி1

யூஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் இருக்கும் எல்டி1 என்ற எல்இடி பாதி விடையைச் சொல்லிவிடும். கேபிளைச் செருகியதும் சிவப்பு மெதுவாக விட்டு விட்டு எரியும். மின்சாரம் வந்துவிட்டது, யூஎஸ்பி பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். கணினி அடையாளம் கண்டதும் வேகமாக மினுக்கும். எல்லாம் முடிந்ததும் சிவப்பு நிலையாக நிற்கும். டார்கெட்டோடு பேசி வெற்றி பெற்றால் பச்சை; பேச முயன்று தோற்றால் ஆரஞ்சு.

ஆக, எல்டி1 எரியவே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை. மெதுவான சிவப்பு மினுக்கலிலேயே நின்றுவிட்டால் மின்சாரம் வருகிறது, டேட்டா வரவில்லை. நிலையான சிவப்போ ஆரஞ்சோ வந்துவிட்டால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். யூஎஸ்பி இணைப்பு அமைந்துவிட்டது.

மெதுவான மினுக்கலுக்கு முதல் சந்தேகம் எப்போதும் கேபிள்தான். கணினிப் பக்கம் செருகும் யூஎஸ்பி பிளக்கில் நான்கு தகடுகள் உண்டு. ஓரத்து இரண்டும் மின்சாரம், நடு இரண்டும் டேட்டா. சார்ஜ் ஏற்ற மட்டும் வரும் மலிவுக் கேபிள்களில் நடு இரண்டுக்கும் வயரே இருக்காது. நியூக்ளியோ-64 கேட்பது மினி-பி கேபிள் என்பதால், பலரும் வீட்டில் எங்கோ கிடந்த ஒன்றை எடுத்துச் செருகுகிறார்கள். மினி-பி முனையில் மல்டிமீட்டர் முனை நுழையாது. ஆகவே கேபிளைச் சோதிக்கச் சுலபமான வழி, மினி-பி சாக்கெட் உள்ள ஆர்டுயினோ நானோவிலோ பழைய கேமராவிலோ அதே கேபிளைச் செருகிப் பார்ப்பது. அங்கே டேட்டா போனால் கேபிள் நல்லது. நல்லதென்று தெரிந்த கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹப். நியூக்ளியோ கணினியிடம் 300 மில்லியாம்பியர் கேட்கிறது. தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லியாம்பியருக்கு மேல் தருவதாக ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அப்போது கோரிக்கை நிராகரிக்கப்படும். எல்டி3 என்ற சிவப்பு பவர் எல்இடி எரியாது. ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியின் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். மொபைல் சார்ஜரில் செருகினாலும் எல்டி3 எரியாது. அங்கே பேசுவதற்குக் கணினியே இல்லை. சார்ஜரில் ஓட்ட வேண்டுமென்றால் ஜேபி1 ஜம்பரைப் போட வேண்டும். கணினியோடு வேலை செய்யும்போது ஜேபி1 திறந்தே இருக்கட்டும்.

மோட்டார், டிஸ்ப்ளே என்று வெளி மின்சாரம் கொடுத்து ஓட்டுபவர்கள் வரிசையில் தவறக் கூடாது. ஜேபி5-ஐ இ5வி (வெளி 5 வோல்ட்) பக்கம் மாற்றி, ஜேபி1-ஐக் கழற்றி, வெளி மின்சாரத்தை முதலில் கொடுத்து, எல்டி3 எரிவதைப் பார்த்த பிறகே யூஎஸ்பியைச் செருக வேண்டும். தலைகீழாகச் செய்தால் முழுச் சுமையும் கணினியின் போர்ட் மேல் விழும். அடையாளம் காணும் கட்டமே தோற்றுப்போகலாம், போர்ட்டுக்கும் கேடு.

கணினி என்ன பார்க்கிறது

லினக்ஸில் கேபிளைச் செருகிவிட்டு எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுங்கள். 0483 என்று தொடங்கும் வரி இருக்க வேண்டும். அது எஸ்டி நிறுவனத்தின் அடையாள எண். நியூக்ளியோவின் வி2-1 என்றால் அடுத்து 374பி வரும். தனியாக வாங்கிய வி2 டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சிறு டீபக்கர்) என்றால் 3748. மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியிலும், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் பிராபர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போனாலும் இதே எண்கள் கிடைக்கும். எண் தெரிந்தால் வயர் வழி சரி, மிச்சம் மென்பொருள்தான்.

விண்டோஸ் காட்டும் பிழை எண்ணைக் கவனித்துப் படியுங்கள். பிழை எண் (கோட்) 28 என்றால் டிரைவர் இல்லை: எஸ்டிஎஸ்டபிள்யூ-லிங்க்009 என்ற டிரைவரை எஸ்டி தளத்திலிருந்து இறக்கி நிறுவி, கேபிளைக் கழற்றி மாட்டினால் போதும். பிழை எண் 43, கூடவே "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு" என்றால், சாதனம் இருப்பது தெரிகிறது, தன்னைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. அது பெரும்பாலும் கேபிள், போர்ட், சாக்கெட்டின் தளர்ந்த சால்டர் இவற்றில் ஒன்று. இதற்கு டிரைவர் மருந்தல்ல.

எண் சரியாக இருந்தும், சிப்பில் புரோகிராம் ஏற்றும் எஸ்டியின் மென்பொருளான கியூப்புரோகிராமர் "இல்லை" என்கிறதா? அப்போது சந்தேகிக்க வேண்டியவை சில உண்டு. மிகச் சாதாரணமானது, வேறொரு நிரல் எஸ்டி-லிங்க்கைப் பிடித்துவைத்திருப்பது. புரோகிராம் எழுதும் மென்பொருளான கியூப்ஐடிஇயில் டீபக் ஓடிக்கொண்டிருந்தாலோ, மூடிய பிறகும் பின்னணியில் ஜிடிபி சர்வரோ ஓப்பன்ஓசிடியோ (இரண்டும் டீபக்கரை இயக்கும் நிரல்கள்) தங்கியிருந்தாலோ, அடுத்த நிரலுக்கு இடமில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்து அதை முடியுங்கள்.

இரண்டாவது, யூஎஸ்பி டிரைவரை மாற்றிப் போடும் ஸாடிக் என்ற கருவி. ஓப்பன்ஓசிடிக்காக யாரோ ஸாடிக் மூலம் லிப்யூஎஸ்பிகே டிரைவரைப் போட்டிருந்தால் எஸ்டியின் சொந்த மென்பொருள்கள் குருடாகிவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிரைவரையும் அழிக்கும் பெட்டியில் டிக் போடுங்கள், பிறகு 009-ஐ மறுபடி நிறுவுங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தோன்றாத ஒன்று: அது எஸ்டி-லிங்க்காகவே இல்லாமல் இருப்பது. செக்கர் நிறுவனத்தின் எஸ்டி-லிங்க் ரீஃப்ளாஷ் என்ற கருவி நியூக்ளியோவின் டீபக்கரை அந்த நிறுவனத்தின் டீபக்கரான ஜே-லிங்க்காக மாற்றிவிடும். கைமாறி வந்த போர்டிலும் கல்லூரி லேபில் பலர் கைபட்ட போர்டிலும் இது நடந்திருக்கலாம். 0483-க்குப் பதில் 1366 தெரிந்தால் அதுதான் காரணம். அதே கருவியில் பழையபடி எஸ்டி-லிங்க்காக மீட்கும் வழி இருக்கிறது.

லினக்ஸில் ரூட்டாக ஓடுகிறது, சாதாரணப் பயனராக ஓடவில்லை என்றால் அனுமதிப் பிரச்சினை. கியூப்புரோகிராமர் நிறுவிய கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ரூல்ஸ் என்று இருக்கும். அங்குள்ள கோப்புகளை இடிசி கோப்புறையின் யூடெவ் (லினக்ஸில் சாதன அனுமதிகளைக் கவனிப்பது) ரூல்ஸ் பகுதிக்குள் நகலெடுத்து, யூடெவ்-ஐ ரீலோட் செய்து, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். கழற்றி மாட்டாவிட்டால் புதிய அனுமதி வராது; பலர் தடுக்கி விழும் இடம் இது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-க்குள் வேலை செய்பவர்களுக்கு யூஎஸ்பி தானாக உள்ளே வராது. விண்டோஸ் பக்கம் யூஎஸ்பிஐபிடி நிறுவி, சாதனத்தை பைண்ட் செய்து, அட்டாச் செய்ய வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி ஃபில்டர் சேர்க்க வேண்டும்.

டீபக்கர் தெரிகிறது, சிப் தெரியவில்லை

நியூக்ளியோவைச் செருகியதும் ஒரு பென் டிரைவ் போல டிரைவ் திறக்கும். அதற்குள் ஃபெயில் என்ற டெக்ஸ்ட் கோப்பு இருந்தால் திறந்து படியுங்கள். டார்கெட்டைப் பிடிக்க முடியாததைப் பெரும்பாலும் அதுவே எழுதிவைத்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் முதலில் ஜம்பர்கள். சிஎன்2-இல் இரண்டு ஜம்பர்களும் இருந்தால்தான் எஸ்டி-லிங்க் சொந்த போர்டின் சிப்போடு பேசும். வெளியே இன்னொரு போர்டை புரோகிராம் செய்யக் கழற்றியவர்கள் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். ஜேபி6 மின்னோட்டம் அளப்பதற்கானது. அது இல்லையென்றால் டார்கெட் சிப்புக்கு மின்சாரமே போகாது, ஆனால் எல்டி3 எரிந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் உயிரோடு இருப்பது போலத் தோன்றும். மல்டிமீட்டர் வைத்து டார்கெட் பக்கம் 3.3 வோல்ட் இருக்கிறதா என்றும், ரீசெட் பின்னிலும் அதே அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசெட்டில் பூஜ்யம் என்றால் மேலே செருகிய ஷீல்டு போர்டோ வயரோ அதைக் கிரவுண்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது.

மின்சாரம் சரி என்றால், அடுத்த குற்றவாளி உங்கள் புரோகிராம். எஸ்டபிள்யூடி பேசுவது பிஏ13, பிஏ14 பின்களில். இவற்றை சாதாரண ஜிபிஐஓவாக (பொது உள்ளீட்டு, வெளியீட்டுப் பின்களாக) மாற்றிவிட்டால், புரோகிராம் தொடங்கிய கணத்திலேயே டீபக்கர் வெளியே தள்ளப்படும். எஃப்1 வரிசைச் சிப்புகளில், தொடக்கக் குறியீட்டை உருவாக்கித் தரும் கியூப்எம்எக்ஸ் இதைத் தானே செய்துவிடுகிறது: சிஸ் பகுதியில் டீபக் "நோ டீபக்" என்றே விடப்பட்டால், உருவாகும் குறியீடு எஸ்டபிள்யூடியை அணைத்துவிடும். முதல் முறை ஏறும், இரண்டாவது முறை ஏறாது. மற்ற வரிசைகளில், காலியான பின்களையெல்லாம் அனலாக் ஆக்கும் தெரிவும் இதே வேலையைச் செய்யும். எப்போதும் "சீரியல் வயர்" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப், ஸ்டாண்ட்பை போன்ற தூக்க நிலைகளுக்கு உடனே போகும் புரோகிராமும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

சிப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கியூப்புரோகிராமரில் போர்ட் எஸ்டபிள்யூடி, மோட் "அண்டர் ரீசெட்", ரீசெட் மோட் "ஹார்டுவேர் ரீசெட்", அதிர்வெண்ணை 4000-இலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து கனெக்ட் அழுத்துங்கள். உங்கள் புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே டீபக்கர் உள்ளே நுழைந்துவிடும். உடனே ஃபுல் சிப் இரேஸ். அதுவும் பிடிக்கவில்லை என்றால் பூட்0 பின்னை 3.3 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள்: நியூக்ளியோ-64-இல் சிஎன்7-இன் 5, 7 பின்களை ஜம்பரால் இணைத்து ரீசெட் அழுத்தினால் சிப் தனக்குள் ஏற்கெனவே பதிந்துள்ள தொடக்க நிரலான பூட்லோடரிலேயே நிற்கும், உங்கள் புரோகிராம் ஓடாது. அழித்த பிறகு ஜம்பரை எடுத்துவிடுங்கள்.

மீள வழியில்லாத நிலை ஒன்று உண்டு. எஃப்4 போன்ற வரிசைகளில் ஆர்டிபி (சிப்பில் உள்ளதைப் படிக்கவிடாத பாதுகாப்பு) லெவல் 2 போட்டால் டீபக் வாசல் நிரந்தரமாக மூடிவிடும். ஆப்ஷன் பைட்டுகளில் (இந்தப் பாதுகாப்பு உள்ளிட்ட சிப் அமைப்புகள் இருக்கும் இடம்) கைவைக்கும்போது இதைத் தெரியாமல் தொடாதீர்கள்.

புளூ பில்லும் மலிவு டாங்கிளும்

புளூ பில் என்பது எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள மலிவுப் போர்டு; அதில் டீபக்கர் இல்லாததால் தனி டாங்கிள் வேண்டும். அலுமினிய உறை போட்ட வி2 நகல் டாங்கிளில் பத்துப் பின்கள் இருக்கும். உறை மேல் அச்சிட்ட வரிசையும் உள்ளே போர்டில் அச்சிட்ட வரிசையும் எல்லாத் தொகுதியிலும் ஒத்துப்போவதில்லை. உறையை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். நான்கு வயர்கள் போதும்: 3.3 வோல்ட், கிரவுண்டு, எஸ்டபிள்யூடிஐஓ, எஸ்டபிள்யூசிஎல்கே. வயர் இருபது சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இந்த நகல்களில் ரீசெட் பின் எஸ்டிஎம்32-க்கு உதவாதது சகஜம். அப்போது "அண்டர் ரீசெட்" பலிக்காது. போர்டின் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கனெக்ட் கொடுத்து, உடனே விரலை எடுங்கள். சில முறை முயன்றால் பிடிக்கும்.

எஸ்டியின் அசல் எஸ்டி-லிங்க்/வி2-இல் நிலைமை வேறு. இருபது பின் இணைப்பியின் 1-ஆம் பின் மின்சாரம் தருவதல்ல, டார்கெட்டின் மின்னழுத்தத்தை அளப்பது. அதை டார்கெட்டின் 3.3 வோல்ட்டோடு இணைக்காவிட்டால் டீபக்கர் பூஜ்யம் வோல்ட் என்று படித்துப் பேச மறுக்கும்.

புளூ பில்லில் ஓப்பன்ஓசிடி "அன்எக்ஸ்பெக்டெட் ஐடிகோடு" என்று சொன்னால் வயரைத் தொடாதீர்கள். சிப் பதில் சொல்லிவிட்டது. 1-இல் தொடங்க வேண்டிய அடையாள எண் 2-இல் தொடங்கினால், போர்டில் இருப்பது எஸ்டியின் சிப் அல்ல, அதைப் போலச் செய்த இன்னொன்று. கட்டளையில், எதிர்பார்க்கும் அடையாள எண்ணைக் குறிக்கும் சிபியூடேப்ஐடி மதிப்பை வந்த எண்ணுக்கே மாற்றிக் கொடுத்தால் வேலை நடக்கும்.

எந்தப் பாதி கெட்டது

இத்தனைக்கும் பிறகும் நியூக்ளியோ அசையவில்லை என்றால் நல்ல நியூக்ளியோ ஒன்றைக் கடன் வாங்குங்கள். இரண்டு போர்டுகளிலும் சிஎன்2 ஜம்பர்களைக் கழற்றுங்கள். நல்ல போர்டின் சிஎன்4-இல் 2-ஆம் பின்னிலிருந்து கெட்ட போர்டின் சிஎன்7-இல் 15-க்கு, 4-இலிருந்து 13-க்கு, 3-இலிருந்து 19-க்கு என மூன்று வயர் இழுங்கள். இவை முறையே கிளாக், டேட்டா, கிரவுண்டு. கெட்ட போர்டுக்கு ஜேபி5-ஐ மாற்றி இ5வி வழியாக 5 வோல்ட் கொடுங்கள். மோட் "நார்மல்" என்று வைத்து கனெக்ட் அழுத்துங்கள். சிப் பதில் சொன்னால் செத்தது மேல்பாதி மட்டும். கீழ்ப்பாதியை இப்படியே வெளி டீபக்கரால் ஓட்டிக்கொள்ளலாம். பதில் இல்லையென்றால் பூட்0-ஐ உயர்த்தி ஒருமுறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் டார்கெட் சிப்பைத்தான் மாற்ற வேண்டும்.